சீதாவைக் காணவில்லை!

பள்ளிக்கூட முற்றத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்? கமலாசனி படிக்கும் ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. ஏணி, பித்தளைக் குழாய், பெரிய சப்பாத்துப் போட்ட ஆட்கள்! கண்டி நகரத்தில் தூரத்தில் பார்த்ததெல்லாம் இன்று கைக்கெட்டும் தூரத்தில்!

அவர்களின் தலைவர் ஜமால்தீன். ஊர் மடவளை.

"புள்ளைகளே, இன்னைக்கு நெருப்புப் பிடிச்சா தப்பிக்கிற பயிற்சி. சைரன் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வரணும். எல்லாரும் வந்து சேர்ந்தா ஆளுக்கு ஒரு தரம் தண்ணி பீச்சலாம். சரியா?"

"சரி சேர்!" கூரை பிய்ந்துவிடும்போல் கத்தினார்கள்.

சைரன் அலறியது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் முற்றத்துக்கு வந்தார்கள். முதலாம் வகுப்பு மங்களேஸ்வரி டீச்சர் தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, சீதாவைக் காணேல்லை!"

சீதா கமலாசனியின் தங்கை.

தீயணைப்பு ஆட்கள் தடதடவென்று உள்ளே ஓடினார்கள். "சீதா! சீதா!" பதிலே இல்லை.

கமலாசனிக்குச் சட்டென்று புரிந்தது. போன வருடக் கலவரத்தில், தெருவில் சத்தம் கேட்டாலே அம்மா இருவரையும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்கக்கூடாது. சீதா இப்போதும் அதையேதான் செய்கிறாள்!

அவள் ஜமால்தீனிடம் ஓடினாள். "சேர், கூப்பிடச் சொல்லாதீங்க! கூப்பிட்டா வரவே மாட்டா. சப்பாத்துச் சத்தமும் வேணாம்."

ஜமால்தீன் அவளை உற்றுப் பார்த்தார். ஆட்களை நிறுத்தினார். மறுபேச்சில்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவ்வளவு பெரிய மனிதர் பூனை மாதிரி அவள் பின்னால் நடந்தார்.

முதலாம் வகுப்பறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. கமலாசனி தவழ்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபத்து நீங்கியதும் அம்மா செய்வதுபோல் தங்கையின் கன்னத்தை மெல்லத் தட்டினாள்.

"அவங்க போயிட்டாங்களாக்கா?" என்றாள் சீதா.

"யாரும் வரல. நெருப்புப் பிடிச்சா தப்பிக்கப் பழக்கத்தான் இந்தச் சத்தம். கலவரத்துல கேட்ட அந்தச் சத்தத்துக்கு ஒளியணும், இந்தச் சத்தத்துக்கு ஓடணும். ஒளிஞ்சா புகையில மாட்டிக்குவோம்."

ஜமால்தீன் அவர்கள் பக்கத்தில் குந்தினார். "இத நான் யோசிக்கவே இல்லையே மகள்."

"இன்னொரு தரம் செய்யலாமா சேர்? முதல்ல சீதாவே அந்த சைரன் கைப்பிடியைச் சுத்திப் பார்க்கட்டும்."

முற்றத்தில் சீதா பயந்து பயந்து கைப்பிடியைச் சுற்றினாள். சைரன் முனகியது. வேகமாகச் சுற்றினாள். அது அலறியது. அதைவிட உரக்கச் சீதா சிரித்தாள்!

பிறகு எல்லோரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். மறுபடி சைரன். முதலில் வெளியே பாய்ந்தது சீதாதான்! அவள் வரிசையில் நிற்கவேயில்லை. நேரே போய்த் தீயணைப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளை இறக்குவதற்குள் ஜமால்தீனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.