மரப்பொந்தில் ஒரு மரணம்

காலை ஏழு மணிக்குப் பொந்தின் வாசலை உளியால் பெயர்த்தார்கள்.

ஏணியின் உச்சியில் நின்ற வனக்காவலர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு கீழே பார்க்காமலே சொன்னார்.

"ரெண்டுமே போயிடுச்சு மேடம். தாயும் குஞ்சும்."

கீழே நின்ற கூட்டத்தில் யாரோ ஒருத்தி விசும்பினாள். பெண் ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பெண் இருவாச்சிப் பறவை முட்டையிடப் பொந்துக்குள் புகுந்ததும் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இறகுகளையும் உதிர்த்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழமே இரண்டு உயிருக்கும் கதி.

அந்த ஒரு ஜோடியை நம்பித்தான் பள்ளத்தாக்கில் அத்தனை வீடுகளிலும் அடுப்பெரிந்தது. ஒரு காலத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். கோடாரியைக் கீழே போட்டுவிட்டுச் சங்கம் வைத்தார்கள். பெரிய ஓட்டல் வேண்டாம், நம் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி, இருவாச்சி பார்க்க வரும் விருந்தாளிகளைத் தங்கவைப்போம் என்றார்கள். காலையில் ஆறு பேர், மாலையில் ஆறு பேர். அதற்கு மேல் ஒருவர்கூடக் காட்டுக்குள் போகக்கூடாது. மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டக்கூடாது. விசிலோ பதிவு செய்த பறவைக் குரலோ கூடவே கூடாது. இத்தனை விதிகளையும் வகுத்தவர் சங்கத்தின் தலைவரும் ஒரே வழிகாட்டியுமான பைனாகுலர் அண்ணன். அவர் பைனாகுலர் வைத்திருந்ததே இல்லை. தேவைப்பட்டதில்லை என்பதால் வந்த பட்டப்பெயர்.

இன்று அவர் கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். துக்கம் தாங்கவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ரேஞ்சர் உடல்களைப் பார்த்தார். காயமில்லை. பொந்தின் பூச்சிலும் விரிசல் இருந்திருக்கவில்லை. தாய்ப்பறவையின் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டிருந்தது. "பட்டினிச் சாவு," என்றார் உரக்க. மரத்தடியில் குனிந்து கிளறினார். அத்திப்பழ விதைகள் எல்லாம் காய்ந்து சருகோடு சருகாகிக் கிடந்தன. புதிதாக ஒன்றுமில்லை.

அப்போது தூரத்தில் ஆண் இருவாச்சி குரல் கொடுத்தது.

"உசிரோடதான் இருக்கான் பாருங்க," என்றார் காவலர் கசப்பாக. "பொண்டாட்டி புள்ளைய இப்படியா பட்டினி போடுவான்?"

"போட்டானா, போட வச்சாங்களா?" என்றார் ரேஞ்சர்.

எட்டரை மணி. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் இருந்த ரிசார்ட். பன்னிரண்டு பேர் என்ற வரம்பை எடுத்துவிட்டு காட்டுக்குள் பார்வைக் கோபுரம் கட்டவேண்டும் என்று விண்ணப்பித்திருந்தவர் அதன் மேனேஜர்.

"கூட்டுகிட்ட டிரோன் விட்டீங்களாமே?"

"ஒரே ஒரு தடவை மேடம். கோபுரத்துக்கு இடம் பாக்க. அதுவும் சீசன் ஆரம்பத்துல."

"பறவை என்ன பண்ணுச்சு?"

"பயந்து ஓடிடுச்சு. மறுநாளே பழத்தோட வந்து நின்னுச்சுன்னு சங்கத்து ஆளுங்களே சொன்னாங்க. அதுக்கப்புறமும் என்னைக் கழுவி ஊத்துனாங்க, அது வேற கதை."

"பறவை செத்தா உங்களுக்கு லாபம்தானே?"

மேனேஜர் முகம் சுருங்கியது. "பறவையே இல்லாத காட்டுல கோபுரம் கட்டி நான் என்ன, காக்கா ஓட்டறதா?"

பத்து மணி. சங்கத்து வீடொன்றில் தங்கியிருந்த போட்டோக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கேமராவைத் தயங்காமல் நீட்டினார்.

படத்துக்குப் படம் அதே ஆண் பறவை, அதே பட்டமரம். கூட்டிலிருந்து வெகு தொலைவு. கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. தொண்டையில் பழம் அடைத்த புடைப்பில்லை. அலகில் ஒன்றுமில்லை.

"தினமும் அங்கேயேதான் வருமா?"

"கடிகாரம் மாதிரி மேடம். எங்களையெல்லாம் முன்னாடி நிக்கவச்சுட்டு அண்ணன் பின்னாடி நிப்பார். எங்கேயோ ஒரு குரல் கேக்கும். 'இதோ வரான்'னு சொல்லுவார். வந்துடும். போகவும் போகாது. அந்தச் சுத்துவட்டாரத்தையே சலிச்சுகிட்டு கிடக்கும். சாயங்காலக் கூட்டம் வர்றப்பவும் அங்கேயேதான்."

பதினோரு மணிக்கு ரேஞ்சர் அண்ணனின் வீட்டுக்குப் போனார். நல்ல வெயில். வாசலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"யாருங்க?"

"நான்தாண்ணே."

"அட, ரேஞ்சர் மேடமா! வாங்க வாங்க."

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். ரேஞ்சரின் டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். கணவனின் டம்ளரை அவர் விரல்களுக்குள்ளேயே பொருத்திவிட்டு நகர்ந்தாள்.

ரேஞ்சர் கேமராவை நீட்டினார். "போன வாரம் எடுத்த படம். பாத்துச் சொல்லுங்கண்ணே, ஆண் பறவை நல்லா இருந்துச்சா?"

அவர் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கான். தொண்டை நெறையப் பழம். கூட்டுக்குப் போற வழியில இளைப்பாறியிருக்கான்."

ரேஞ்சர் டீயைக் கீழே வைத்தார். அதன்பின் அவர் அதைத் தொடவில்லை.

"அண்ணே, அந்தப் படத்துல பழமே இல்ல."

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"முதல்ல டிரோன்னுதான் நெனச்சேன்," என்றார் ரேஞ்சர். "ஆனா பயந்த பறவை விலகிப் போகும். இது தேடி வந்திருக்கு. பதிவு பண்ண குரலைக் கேட்டு, இன்னொரு ஆம்பளைப் பறவை தன் காட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு ஆத்திரத்தோட வந்திருக்கு. காலையும் மாலையும் ஊட்டற நேரம்; அந்த நேரம் பூரா இல்லாத எதிரியைத் தேடறதுலயே போயிடுச்சு. போட்டோக்காரர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மரத்தடியில விதை விழறது நின்னு போச்சு. அப்போ குரலைப் போட்டது தினமும் அங்க போறவர்தான். கண் தெரிஞ்ச யாரும் அந்த வெறும் தொண்டையைப் பாத்து முதல் நாளே நிறுத்தியிருப்பாங்க. நீங்க நிறுத்தல. ஏன்னா உங்களுக்கு அது தெரியல."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து நீட்டினார். அது ரேஞ்சரின் கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ரேஞ்சர்தான் கையை நகர்த்தி வாங்கிக்கொண்டார்.

"நடுவுல புகை மாதிரி இருக்கும்மா. ஓரமெல்லாம் தெரியும். எதைப் பாக்கணும்னு நெனைக்கிறேனோ அது மட்டும் தெரியாது." டீ டம்ளரைத் தடவித் தரையில் வைத்தார். "ஊரே என் கண்ண நம்பி வெட்டறத விட்டுச்சு. அந்தக் கண்ணே போச்சுன்னு எந்த வாயால சொல்றது? கூட்டுக்கு ரொம்பத் தள்ளித்தானே, கொஞ்ச நேரம்தானேன்னு போட்டேன். அவன் வந்து கத்துனா சந்தோஷமா இருக்கும். போய் ஊட்டிட்டுத்தான் வரான்னே நெனச்சேன்."

"பாறையில உக்காந்திருந்தப்ப தெரிஞ்சுச்சா?"

"பட்டினின்னு நீங்க சொன்னதும் தெரிஞ்சுபோச்சு."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கண்ணு மங்குனது எனக்கு மழைக்காலத்துலயே தெரியும்," என்றாள். "நீங்க மறைக்கறீங்க, தெரிஞ்சதாக் காட்டிகிட்டா உடைஞ்சு போயிடுவீங்கன்னு நானும் மறைச்சேன். கேட்டுத் தொலைச்சிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தப் பறவை பொழைச்சிருக்கும்."

குரல் வந்த பக்கம் அவர் திரும்பினார். அவள் முகத்தில் அவர் பார்வை நிற்கவில்லை. காதோரமாக எங்கோ விழுந்தது.

"ரிப்போர்ட்ல உங்களைத்தாண்ணே எழுதணும்," என்றார் ரேஞ்சர்.

"எழுதுங்க. சங்கத்தை விட்டுடுங்க."

"அது என் கையில இல்ல."

மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் அண்ணனே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். ஒருவன் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியேறினான். தூற்றியவர்களும் இருந்தார்கள், அழுதவர்களும் இருந்தார்கள். அரசு உத்தரவு வரும்வரை காத்திராமல் பாதையைத் தாங்களே மூடிவிடுவது என்று முடிவாயிற்று. பாதை மூடியிருக்கும்வரை பிழைப்புக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டார். அத்தனை பேருக்கும் ஒரே ஜோடிப் பறவை, அத்தனை பேருக்கும் ஒரே ஜோடிக் கண் என்று வைத்துக்கொண்டது தங்கள் தப்பும்தான் என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

ரேஞ்சர் ஜீப்பில் ஏறும்போது மனைவியின் தோளைப் பிடித்தபடி அண்ணன் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான் கிட்டப் போய்ப் பாக்கல. பாத்திருந்தாலும்..." ஜீப்பின் கதவைத் தடவிப் பிடித்தார். "குஞ்சுக்கு இறகு முளைச்சிருந்துச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ரேஞ்சர் ஒரு கணம் யோசித்தார்.

"முளைக்க ஆரம்பிச்சிருந்துச்சுண்ணே. இறக்கை ஓரத்துல. கறுப்பா."

அவர் தலையசைத்தார்.

"அப்போ நல்லா வளந்துகிட்டுதான் இருந்திருக்கு," என்றார்.