எண்ணூறுக்கு அறுநூறு

அந்த ஆளின் காது தெரிந்தது. அதுதான் முதல் பிழை.

படத்தில் திருவிழாக் கூட்டத்துக்குள் கதாநாயகன் ஓடிக்கொண்டிருந்தான். எமிலியானுஸின் புறொஜெக்டர், சமாதான காலத்தில் கொழும்பிலிருந்து கல்யாண வீடுகளுக்கென்று வந்த பழைய சாமான். குறுக்கே எண்ணூறு புள்ளி, நெடுக்கே அறுநூறு புள்ளி. அதற்குமேல் அதனிடம் கேட்கக்கூடாது. போடுகிற சீடி அதைவிட மோசம். பெரிய திரையில் விரித்தால் கதாநாயகனின் மூக்கே படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் தெரியும். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு முகமே கிடையாது, நாலைந்து மண்ணிறச் சதுரங்கள், அவ்வளவுதான். அப்படியிருக்க, பின்வரிசையில் நின்ற ஒருவனின் காதும், காதோரம் நரைத்த மயிரும், தாடையில் சவர அலகு கீறிய காயமும் துல்லியமாகத் தெரிந்தன. கதாநாயகன் இன்னும் சதுரம் சதுரமாகவே ஓடிக்கொண்டிருந்தான்.

எமிலியானுஸ் லென்ஸைத் துடைத்தான். காயம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் முன்பு வலை வைத்திருந்த கொட்டில்தான் இப்போது தியேட்டர். ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் பகல் இரண்டு மணிக்கே படம் தொடங்கிவிடும். ஜன்னல்களில் அடித்திருந்த கறுப்புப் பொலித்தீன் கடற்காற்றில் உப்பி உப்பி அடங்க, வெளியே ஜெனரேட்டர் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கி இரைய, சுவரில் ஊறிப்போன கருவாட்டு வாடையும் சனங்களின் வியர்வையும் அந்த இருட்டுக்குள் அவிந்துகொண்டிருக்கும். சுவரில்தான் முதலில் படம் காட்டினான். உப்புக் காற்றில் சுண்ணாம்பு பொரிந்து கதாநாயகிக்கு அம்மை போட்டதுபோல ஆனது. நல்ல வெள்ளைத் துணி வாங்கலாமென்றால், சண்டையில் பாதை மூடிய நேரத்தில் அரிசியே வராத ஊருக்குத் துணி எங்கிருந்து வரும்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கோயிலின் மரண சங்கத்துப் பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவனிடம்தான் இருந்தது. ஊரில் யாராவது இறந்தால் பிரேதத்துக்கு மேலே விரித்துக் கட்டுகிற வெள்ளை அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. பிரேதம் இல்லாமல் வெள்ளை கட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். இந்த இரண்டு வருடத்தில் ஊரில் செத்தவர்களுக்குக் குறைவில்லை, ஆனால் எந்தப் பிரேதமும் வீடு வந்து சேரவில்லை. பெட்டிக்குள் கிடந்து பூச்சி அரிக்கிறதுக்கு இங்கே தொங்கட்டுமே என்று எடுத்துவந்து ஆணி அடித்து இழுத்துக் கட்டிவிட்டான். தையல் தெரியாத அருமையான திரை. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

காயம்பட்ட தாடை மெதுவாகத் திரும்பியது. சந்தியோகு. போன சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

விசர் பிடிச்சுதோ எனக்கு என்று எமிலியானுஸ் தன்னையே திட்டிக்கொண்டான். கொட்டிலுக்குள் எல்லாருடைய தலையும் அந்தப் பின்வரிசைப் பக்கமே சரிந்திருந்தது. அடுத்தநாள் சந்தியோகுவின் மனைவி றோஸ்மேரி வந்து, அதே படத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். பேசிக்கொண்டிருந்தபோது வெளிச்சத்தில் நின்ற அவளுடைய முகம் கலங்கலாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் தெளிந்தார்கள். மறுநாள் வேறு படம் போட்டான். அதில் சந்தைக் காட்சி. அங்கேயும் அவர்கள் நின்றார்கள். அவன் வீட்டு வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருந்த அமிர்தநாயகம், அவருடைய மருமகன், ஷெல் விழுந்த நாளிலிருந்து காணாமல்போன தையற்காரப் பெடியன். கண்மயிர்கூட எண்ணலாம். அத்தனை பேரும் செத்தவர்கள் என்று ஊருக்குத் தெரியும். கொட்டில் நிறைந்து வழிந்தது.

எமிலியானுஸின் மகன் எட்வேட் எட்டு மாதத்துக்கு முன் வவுனியாவுக்குப் பஸ் ஏறியவன். வழியில் யாரோ இறக்கிக் கூட்டிப்போனார்களாம். இறந்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒன்றில்தான் தாய் கிறேஸ் உயிர் வாழ்கிறாள். இரவில் மகனுக்கும் சேர்த்துத்தான் கோப்பை கழுவி வைப்பாள். அவன் இந்தத் துணியில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் தாங்கமாட்டாள், எமிலியானுஸும் தாங்கமாட்டான். கடவுளே, அவன் மட்டும் வரக்கூடாது.

மனைவியை வாசலிலேயே டிக்கெட் கிழிக்க விட்டான். உள்ளே புகை, உனக்கு இழுப்பு வரும் என்றான். இருபது வருடம் கூட இருந்தவளிடம் பொய் செல்லுமா? வெள்ளிக்கிழமை படம் பாதியில் ஓடும்போது, கதவை நீக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"மறைக்காதேங்கோ. றோஸ்மேரி எல்லாம் சொன்னவள்."

"கிறேஸ், நீ வெளியில போ."

"அவன் இல்லையெண்டு பாத்திட்டுப் போறன்."

திரையில் தேரிழுக்கும் கூட்டம். எமிலியானுஸ் குவிய வளையத்தைத் திருப்பினான். தேர் கலங்கியது, கதாநாயகன் கரைந்து புகையானான். கூட்டம் கலங்கவில்லை. கடைசிவரைக்கும் திருப்பினான். முகங்கள் இன்னும் கூர்ந்தன. தோலின் துவாரங்கள், உதட்டு வெடிப்பு, இமையில் ஒட்டிய உப்பு.

லென்ஸ் மூடியைப் போட்டான். திரை அணையவில்லை.

வெளியே ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினான். திடீரென்று எழுந்த அமைதியில் கடல் இரைவது கேட்டது. நண்பகல் கழிந்த வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. கதவைத் தள்ளினான்.

துணி தன்பாட்டில் எரிவதுபோல் வெளிச்சமாக இருந்தது. படம் இல்லை. அவர்கள் மட்டும் நின்றார்கள், தோளோடு தோளாக. எமிலியானுஸ் ஒவ்வொரு முகமாகத் தேடினான். சந்தியோகு. அமிர்தநாயகம். மருமகன். தையற்காரப் பெடியன். இல்லை. எட்வேட் இல்லை. மாதாவே, இல்லை.

அப்போது இருவர் விலகி இடம் விட்டார்கள்.

பின்னாலிருந்து ஒருவன் வந்தான். முதலில் சதுரங்கள். பிறகு நெற்றி. பிறகு மகனின் கோணல் பல்.

கிறேஸ் திரைக்கருகே போய்விட்டிருந்தாள். அழவில்லை. கையை உயர்த்தி அவன் கன்னத்தில் வைத்தாள். அந்தக் கன்னத்தில் இரத்தம் ஊறியது. மீசை அரும்பு ஒவ்வொன்றாக எழுந்தது. அவன் மூச்சுவிட்டான், துணி அசைந்தது.

"கிறேஸ்! கையை எடு!"

வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். வரிசை வரிசையாக. றோஸ்மேரியின் சேலையைக் கொண்டுதான் அவளை அடையாளம் கண்டான்.

கிறேஸும் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, பாருங்கோ," என்றாள். "எவ்வளவு தெளிவா இருக்கிறான்."

குரல் அவளுடையதுதான். அது வந்த இடத்தில் நாலைந்து மண்ணிறச் சதுரங்கள் இருந்தன. எது கண், எது வாய் என்று அவனுக்குத் தெரியவில்லை.