அட்டையில் குறைந்த மாத்திரைகள்

காலையில் மாத்திரை அட்டையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டு இருக்க வேண்டிய அட்டையில் ஐந்துதான் இருந்தன.

அக்கி வந்து ஆறி ஆறு மாதமாகியும் விலாவில் எரிச்சல் விடவில்லை. ரவிக்கை உரசினாலே உயிர் போகும். அதோடுதான் துணிக்கடையில் நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த இந்த மாத்திரை வந்த பிறகுதான் மறுபடி மனுஷியாக நடமாடினாள்.

"என்னங்க, என் மாத்திரையை எடுத்தீங்களா?"

கணவன் திரும்பாமலே சட்டைப் பொத்தானைப் போட்டான். "நான் ஏன் எடுக்கணும்? நீயே ரெண்டு ரெண்டா முழுங்கியிருப்பே."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதாங்க..."

"தங்கச்சி அந்த மாத்திரைப் பெட்டியில இருந்த காகிதத்தைப் படிச்சுட்டா. மனச்சோர்வுக்குக் குடுக்குறதாமே? எங்ககிட்ட வலின்னுதானே சொன்னே?"

வாசலில் நாத்தனார் தன் பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி நின்றாள். "இனிமே இவனை நானே ஸ்கூல்ல விடறேன் அண்ணி."

மாமியார் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அட்டையைப் பீரோவில் துணிக்கடியில் ஒளித்தாள். அப்போதும் குறைந்தது. புருஷன்தான் எடுத்து எறிகிறான் என்று அவளுக்குச் சந்தேகம். இவள்தான் கணக்கில்லாமல் விழுங்குகிறாள் என்று அவனுக்கு. மாத்திரை தீர்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமுடியாது என்று மருந்துக்கடைக்காரர் கைவிரித்தார். டாக்டரோ ஒரு வாரம் ஊரில் இல்லை.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளே மின்சாரம் பாய்ந்தது போல் வெட்டியது. மெஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தோடு வந்தவளைப் பார்த்து, "போதை கிடைக்கலேன்னா இப்படித்தான்" என்றான் அவன். அவள் விரலில் துணியைச் சுற்றினாள். கண்ணீர் வந்தது.

மறுநாள் காலை குளியலறையில் மாமியார் விழுந்துகிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கைகால் வெடவெடவென்று நடுக்கம், வாயில் சம்பந்தமில்லாத பேச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார் டாக்டர்.

"சர்க்கரை மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, அவ்வளவுதான்" என்றான் மகன்.

அந்த மாத்திரைகளின் சீட்டைத் தேடி மாமியாரின் பையைத் திறந்தாள் மருமகள். மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் காணாமல் போன அவளுடைய மாத்திரைகள், அட்டையிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "நீங்க குடுத்தீங்களா அண்ணி?"

மருமகள் சீட்டோடு பெட்டியையும் டாக்டரிடம் நீட்டினாள். "இதையும் சாப்பிட்டிருக்காங்க, டாக்டர். எத்தனைன்னு தெரியல. எனக்கு எழுதின மாத்திரை."

டாக்டரின் முகம் மாறியது. "நல்லவேளை சொன்னீங்க. அந்த மூட்டுவலி மாத்திரையோட இது சேரவே கூடாது."

பிறகு அவளிடம் விசாரித்தவர், மாத்திரை சட்டென்று நின்றதால்தான் தலை வெட்டுகிறது என்றார். "நிறுத்தணும்னாலும் எங்ககிட்ட கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்." புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மாமியாருக்கு நிதானம் வந்தது. "சர்க்கரையில பாதம் நெருப்பா எரிஞ்சுது... உனக்குக் கேட்டது எனக்கும் கேட்கும்னு எடுத்தேன். அதைப் பைத்தியக்கார மாத்திரைன்னு உன் முதுகுக்குப் பின்னாடி பேசினவ நான். எந்த வாயால உன்கிட்ட கேப்பேன்?"

கணவன் தலைகுனிந்தான். "மன்னிச்சுடு. தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன், அது வெறும் வலி மாத்திரைதான்னு."

"வெறும் வலிக்கு இல்லீங்க." அவள் குரல் நடுங்கவில்லை. "மனசுக்கும்தான். காலையில எந்திரிக்கவே பிடிக்காம கிடந்தேன். டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லித்தான் வாங்கினேன். உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு..."

மாமியார் கட்டிலில் நகர்ந்து இடம்விட்டாள்.

"எந்தப் பக்கம்மா எரியும் உனக்கு?"

இந்த ஆறு மாதத்தில் அந்த வீட்டில் யாருமே கேட்டதில்லை.

"இடது பக்கம், அத்தை."

மாமியார் அந்தப் பக்கம் கை படாமல், மெல்ல அவளை வலது பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.