கோயில் முடக்கில் ஏறிய படங்கள்

காலை 9.10. பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், சார்ஜில் போட்டிருந்த விஜயலெட்சுமியின் போன் காணாமல் போயிருந்தது.

பழைய போன்தான். அவள் அழுதது அதிலிருந்த படங்களுக்காக. லயத்துக்குப் பின்னால் மலையில் விழுந்த வெடிப்பை, தினமும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் அடிமட்டம் வைத்து அளவு தெரியும்படி படமெடுத்து வந்தாள். வெடிப்பு வளர்கிறது என்று காட்டினால் லயத்துக் குடும்பங்களுக்குக் கீழே சமதரையில் வீடு. காட்டாவிட்டால் மழையோடும் மண்ணோடும் இதே லயம். மண்சரிவு அதிகாரி பதினொரு மணிக்குப் பதுளையிலிருந்து வருகிறார்.

அவருக்குப் பாதுகாப்பாக முன்கூட்டியே வந்த சப் இன்ஸ்பெக்டர் ஷாகிராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அந்த மலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"படங்களை எப்படி அனுப்புவீங்க?"

"நான் ஒண்ணும் பண்றதில்லங்க மேடம். பசறையில கம்யூனிகேஷன் கடை வச்சிருக்க நபீலா அக்கா போன்ல எதையோ போட்டுக் குடுத்தாங்க. இங்க சிக்னல் இல்ல. சாயந்தரம் பசறைப் பாதை வளையுற கோயில் முடக்குல போய் நின்னுட்டு வருவேன். இந்த வாரம் மழையில போகல."

அவள் போனைச் சார்ஜில் போட்ட பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஷாகிரா மூவரையும் வாசலுக்கு அழைத்தாள்.

கங்காணி கணபதி: "வேலைக்குக் கூப்பிட வந்தேன். அப்புறம் எட்டு மணி வரைக்கும் பெரட்டுக் களத்துலதான்."

அடுத்த வீட்டு லெட்சுமி: "தேயிலைத்தூள் வாங்க வந்தேன். நானும் பெரட்டுலதான் நின்னேன், கங்காணியக் கேளுங்க."

ஆட்டோ ஓட்டும் ரமேஸ்: "அக்காவுக்கு டவுன்ல ஏதும் வேணுமான்னு கேட்டேன். ஏழு மணிக்குக் கிளம்பி, பீன்ஸ் மூட்டைய பசறையில இறக்கிட்டு இப்பத்தான் வர்றேன்."

"பீன்ஸ் பயிர் எங்க போட்டிருக்கீங்க?"

"கீழ, சமதரையில."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே ஒருவர் முகத்திலும் பயம் இல்லை.

ஷாகிரா விஜயலெட்சுமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோயில் முடக்குக்குப் போனாள். வண்டி நின்றதும் ஷாகிராவின் போனில் காலையிலிருந்து தேங்கிய செய்திகளெல்லாம் ஒரே மூச்சாக வந்து விழுந்தன. அவள் ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு நபீலாவை அழைத்தாள்.

"போன் தொலைஞ்சா என்ன மிஸ், படம் கிளவுட்ல இருக்கும்" என்றாள் நபீலா. "பாஸ்வேர்ட் சொன்னா எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம்."

விஜயலெட்சுமி சொன்னாள். சிறிது நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"இந்த வாரப் படம் எல்லாமே இருக்கு. இன்னைக்கு எடுத்ததும் இருக்கு. காலையில ஏழு இருபதுக்கு மொத்தமா ஏறியிருக்கு."

"அப்ப நான் பெரட்டுல நின்னேனே" என்றாள் விஜயலெட்சுமி.

"எனக்கு அதெல்லாத்தையும் அனுப்புங்க நபீலா" என்றாள் ஷாகிரா.

10.05. லயத்து வாசல்.

"ரமேஸ், போனை எங்க போட்டீங்க?"

அவன் ஆட்டோவின் பக்கம் திரும்பினான்.

"ஏழு இருபதுக்கு அந்தப் போன்ல இருந்து படமெல்லாம் ஏறியிருக்கு. அப்பக் கங்காணியும் லெட்சுமியும் களத்துல. அங்க சிக்னல் கிடையாது. அந்த நேரத்துல பசறைப் பாதையில, கோயில் முடக்கைத் தாண்டிப் போனது நீங்க. அதை நீங்களே சொன்னீங்க. மறைக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல."

"யாரும் அனுப்பாம எப்படி மேடம் போகும்? அக்கா அங்க நின்னு அனுப்புறாங்கன்னுதான் நெனச்சேன்."

"அவங்க சும்மாதான் நின்னாங்க. சிக்னல் கிடைச்சா அது தானா ஏறிடும். இன்னைக்கு ஏத்திவிட்டது நீங்க."

ரமேஸ் தலை குனிந்தான். "ஆத்துல வீசிட்டேன். வீடு கட்டுறதுக்கு என் பீன்ஸ் பாத்தியத்தான் அளந்தாங்க. அது போயிட்டா நானும் அம்மாவும் எதைச் சாப்பிடுறது?"

ஷாகிராவுக்குக் கோபம் பொங்கியது. இன்று காலைப் படத்தைப் பெரிதாக்கி அவனிடம் நீட்டினாள். பனிமூட்டத்தில் அவசரமாக எடுத்த படம்; எடுத்தவளே உற்றுப் பார்த்திருக்கவில்லை. நேற்றுவரை லயத்தின் நடு வீட்டுக்குப் பின்னாலேயே நின்ற வெடிப்பு, ஒரே இரவில் கடைசி வீட்டுச் சுவர்வரை ஓடியிருந்தது.

"இது யார் வீடு?"

ரமேஸ் போனைப் பிடுங்கிப் பார்த்தான். "எங்க வீடு. அம்மா காய்ச்சல்ல உள்ள படுத்திருக்காங்க."

"அதிகாரி வரட்டும், வராம போகட்டும். லயம் முழுக்க இப்பவே காலி பண்ணணும். கேஸை அப்புறம் பார்ப்போம், முதல்ல ஆட்டோவை எடுங்க."

ரமேஸ் ஓடினான். தாயை அள்ளித் தூக்கிக்கொண்டு அவன் வந்தபோது, ஆட்டோவின் பின் இருக்கையில் விஜயலெட்சுமி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். நோயாளியின் தலையை வைத்துக்கொள்ள மடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டிருந்தாள்.