மூன்றாவது காத்தாடிக்கு முன்னால்

லூனாஸில் பிரேமாவதியின் மாட்டுக்கொட்டகையில் நாலு மின்காத்தாடியையும் ஒன்றாகப் போட்டால் தூரத்து ஊரான அலோர் ஸ்டாரில் கொடியில் கிடக்கும் ஈரத்துணி காய்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட காற்றை வெறும் முதுகால் தடுத்து நிறுத்திய ஆள் ஒருவர் உண்டு. அவர் செத்து ஏழு மாதம் ஆகிறது.

"பக்கிரிசாமி அண்ணன்தான் மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு தம்பி," என்று அவள் சொன்னதும், குருண் ஊரிலிருந்து வந்த மெக்கானிக் விக்னேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அட போங்கலா அக்கா, பேய் ரிப்பேரெல்லாம் நம்ம லைன் இல்ல."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. லூனாஸ் வெயிலில் தகரக் கூரை மேல் உட்கார்ந்த காக்கா பாதி வறுபட்டுத்தான் பறந்தது. உள்ளே பால்வாடையும் மூத்திர நெடியும் அசையாமல் கிடந்தன. மூன்றாவது காத்தாடிக்கு எதிரே கட்டிய மாடுகளில் இரண்டு இந்த மாதம் மூச்சிரைத்தே செத்தன. மிச்சம் செல்லாச்சி. நிறைசினை. நாக்கு தொங்கி, நுரை தள்ளி, எழுப்ப முடியாமல் கிடந்தது.

"மோட்டார் நல்லாருக்கு. பெல்ட்டும் புதுசு. காத்துதான் போய்ச் சேரல," தலையைச் சொறிந்தான் விக்னேஸ்வரன். "சாம்பிராணி இருக்காக்கா? புகை போட்டா எங்க முட்டுதுன்னு காட்டிக்குடுத்துடும்."

கொசுவுக்குப் புகை போடும் சட்டியைக் கொண்டுவந்து காத்தாடிக்கு முன்னால் வைத்தாள்.

புகை எழுந்தது. காத்தாடி அதை அள்ளி வீசியது.

நாலடி போனது. இரண்டாகப் பிளந்தது.

நடுவில் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குக் கழுத்து இருந்தது. தோள் இருந்தது. பால் வாளி தூக்கித் தூக்கி இறங்கிப்போன இடது தோள்.

காத்தாடியின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம். ஈரத் துண்டால் முதுகில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

பளக். பளக்.

பதினெட்டு வருஷம் இங்கே பால் கறந்தவர். மதியக் கறவை முடிந்ததும் பக்கிரிசாமி அங்கேதான் காற்று வாங்க நிற்பார். "மாட்டுக்குக் காத்து மறைக்குது, தள்ளுங்கண்ணே" என்று அவள் விரட்டாத நாளில்லை. உட்காரச் சொன்ன நாளும் இல்லை. அங்கேயே நின்றபடிதான் அவர் ஒருநாள் சரிந்தார்.

செல்லாச்சியின் மூச்சு விசில்போல இழுத்தது.

விரட்டத்தான் வாயெடுத்தாள். அந்த இறங்கிய தோளைப் பார்த்தாள். விடிகாலை நாலு மணியிலிருந்து நின்றே வேலை செய்ததில் அவளுக்கும் கால் ஓய்ந்திருந்தது. மெல்லப் போய், தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, மாட்டுக்கு மறைக்காமல் காற்றுப்படும் ஓரமாகப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே," கிசுகிசுத்தாள். "எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க."

துண்டுச் சத்தம் நின்றது.

கிரீச்.

நாற்காலியின் நாலு கால்களும் மெல்ல அகன்றன.

புகை பிளக்காமல் நேரே போய்ச் செல்லாச்சியின் முகத்தில் மோதியது. அது தும்மியது. சற்று நேரத்தில் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னங்காலை ஊன்றியது.

"காத்து திரும்பிருச்சு, அவ்வளவுதாங்க்கா," என்றான் விக்னேஸ்வரன். மெய்ப்பிக்கிறேன் பேர்வழி என்று நாற்காலியை ஒரு கையால் தூக்கப் போனான். பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

நாற்காலியின் முதுகு ஈரமாக இருந்தது.

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடி, வேனுக்குள் உட்கார்ந்து சர்வீஸ் தாளை நிரப்பினான். ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். பிரேமாவதி வாசித்தாள்.

பழுது: காற்றை மறைத்து ஆள் நின்றார்.

செய்த வேலை: உட்கார வைத்தோம்.

குறிப்பு: நாற்காலியை எடுக்க வேண்டாம்.