பதினொரு நாற்பதுகள்

புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்த சுவரில் மறுபடியும் திலேக்கின் கறுப்புக் குதிரைதான் வந்து நின்றது.

பெகாயிம் பட்டியலில் அடுத்த பெயரைத் தட்டினாள். அதே குதிரை. அதற்கும் அடுத்த பெயரைத் தட்டினாள். அதே குதிரை, அதே பல்லிளிப்பு.

"என் குதிரைக்கு எவ்வளவு மவுசுன்னு பாரு," என்றான் திலேக், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

பெகாயிமுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வசந்தப் புத்தாண்டான நோருஸ் பண்டிகை. நாரின் என்ற மலையூரின் பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய அண்டாவில் சுமோலோக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. முளைவிட்ட கோதுமையின் இனிப்பு வாசனை கணினி அறை வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்க அரங்கில் வந்து உட்கார்ந்துவிடும். பதினொரு பிள்ளைகள் வளர்க்கும் பதினொரு பிராணிகளும் ஒவ்வொன்றாகச் சுவரில் வரவேண்டும். அதற்கான நிரலை ஆறாம் வகுப்பு பெகாயிம்தான் தனியாக எழுதியிருந்தாள்.

"எஜே, பாய்பாக் எப்ப வரும்?"

அக்கா என்ற பொருளில் 'எஜே' என்று கூப்பிட்டுக் கேட்டவள் மூன்றாம் வகுப்பு சைகால். பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறவள். பாய்பாக் அவளுடைய கழுதை. கால் வெள்ளையாக இருந்ததால் காலுறை என்று பொருள்படும் அந்தப் பெயரை அவளே வைத்தாள்.

மற்றவர்களின் குதிரையும் நாயும் ஆட்டுக்குட்டியும் வெளியே வேலியோரம் நின்றிருந்தன. சுவரில் வராவிட்டால்கூட யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாய்பாக் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஜனவரியிலேயே கணவாயைப் பனி மூடிவிட்டது. சைகாலின் அப்பா கைப்பேசியில் அனுப்பிய ஒரே ஒரு படம்தான் வந்து சேர்ந்திருந்தது.

"வந்துடும்," என்றாள் பெகாயிம். ஆனால் எப்படி வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

எடிட்டரைத் திறந்து நிரலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அட்டை. அட்டையில் பெயர், படம், அடையாள எண். எண்ணை மட்டும் அவரவர் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

முதல் அட்டையில் 40. இரண்டாவதில் 40. மூன்றாவதிலும் 40.

பெகாயிம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு வரச்சொன்னாள். எண்ணெயில் பொரித்த பூர்சோக்கை மென்றுகொண்டே வந்து சூழ்ந்து நின்றார்கள்.

"பதினொரு பேரும் நாற்பதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு அடையாளத்துக்கு ஒரு அட்டைதான் இருக்கமுடியும். அதே அடையாளத்தோட இன்னொண்ணு வந்தா, கணினி பழசைத் தூக்கிட்டு புதுசை வச்சுக்கும். கடைசியா எழுதினது திலேக். அதான் எல்லாருக்கும் அவன் குதிரை. ஒருத்தர் தவிர மத்தவங்க எண்ணை மாத்திக்கோங்க."

ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைக் கைகாட்டினார்கள்.

"நாற்பதுதான் ராசி," என்றான் ஒருவன். "என் தம்பியைப் பிறந்த நாற்பதாம் நாள் நாற்பது கரண்டி தண்ணி ஊத்தித்தான் குளிப்பாட்டினோம். முப்பத்தொன்பதோட நிறுத்தினா எங்கம்மா சும்மா விடுவாங்களா?"

"நீ நாற்பத்தொண்ணு வச்சுக்கோயேன்," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நல்ல ஆளு நீ. நீயே வச்சுக்கோ."

சைகால் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "எஜே, எனக்கு எதுனாலும் சரி. மூணு இருக்கா?"

பெகாயிம் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். இருக்கிறதிலேயே சின்னவள் விட்டுக்கொடுக்கிறாள், பெரியவர்கள் பூர்சோக் மெல்லுகிறார்கள்.

"யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்," என்றாள். "நாற்பது அட்டையில பெரிசாத் தெரியட்டும், அதிர்ஷ்ட எண்ணுன்னு. அது எத்தனை பேருக்கு இருந்தாலும் ஒண்ணுமில்ல. கணினி கண்ணுக்கு மட்டும் தனியா ஒரு அடையாளம் போடுறேன்."

எடிட்டரில் அதற்கென்று ஒரு கட்டளை இருந்தது. அதை அழுத்தினால் எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக ஒரு வரிசை வந்து விழும். இன்னொரு முறை அழுத்தினால் வேறு ஒன்று வரும். வந்ததே திரும்பி வரும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பெகாயிம் அழுத்தினாள். வந்தது. அவசரத்தில் அதையே நகலெடுத்துப் பதினொரு அட்டையிலும் ஒட்டிவிட்டு, சைகாலின் பெயரைத் தட்டினாள்.

திலேக்கின் குதிரை பல்லிளித்தது.

"நாற்பதை எடுத்துட்டு, அதைவிட நீளமா ஒரு நாற்பது போட்டிருக்கே," என்றான் திலேக். அறையே சிரித்தது. தன் தவறு புரிந்ததும் பெகாயிமும் சிரித்துவிட்டாள்.

"சரி, வரிசையா வாங்க. அவங்கவங்க அட்டைக்கு அவங்கவங்களே அழுத்துங்க."

முதலில் சைகால். ஒரு விரலால் பயந்து பயந்து அழுத்தினாள். அட்டையில் நீளமாக ஒரு வரிசை ஓடியது.

"பூனை கீபோர்டுல நடந்த மாதிரி இருக்கு," என்றாள்.

அடுத்தவன் அழுத்தினான். "எனக்கு மூணு ஒன்பது வந்திருக்கு."

"எனக்கு எழுத்துலயே ஆரம்பிக்குது. உனக்கு?"

ஆளாளுக்குத் தங்கள் அடையாளத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பண்டிகைக்குப் புதுத்தொப்பி கிடைத்தவர்கள் போல ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

திலேக் மட்டும் எழுந்திருக்கவில்லை. "எனக்கு அதெல்லாம் வேண்டாம். நாற்பதையே திருப்பிப் போடு."

"போட்டுட்டேன். இப்ப அடையாளமா அது உனக்கு மட்டும்தான், யாரோடயும் இடிக்காது," என்றாள் பெகாயிம்.

திலேக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் மற்றவர்களின் நோட்டைப் பார்த்தான். பிறகு மெல்ல நகர்ந்து வந்தான்.

"சும்மா ஒரு தடவை அழுத்திப் பாக்கலாமா?"

விழா தொடங்கியபோது அரங்கில் உட்கார இடமில்லை. ஆட்டுக்குட்டி வந்தது, நாய் வந்தது, திலேக்கின் குதிரை ஒரே ஒரு முறை வந்தது. பெகாயிம் அடுத்த பெயரைத் தட்டினாள்.

சுவர் நிறைய ஒரு கழுதை. வாயில் வைக்கோல், பின்னால் பனி. முன்னங்கால் இரண்டும் பின்னங்கால் ஒன்றும் வெள்ளை.

"நாலாவது காலுறை எங்கே?" என்று கூட்டத்திலிருந்து திலேக் கத்தினான்.

சைகால் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "அது தின்னுடுச்சு," என்றாள்.

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. கைதட்டல் ஓய்வதாக இல்லை. பட்டியலில் இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். பெகாயிமோ அடுத்த பெயரைத் தட்ட மறந்து, இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.