பச்சைப் பலகை

நேற்று தீக்குச்சிகூட நுழையாத இடைவெளியில் இன்று சுண்டுவிரல் நுழைந்தது.

கோதண்டபாணி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தோட்டத்து மாமரத்தடியில் அந்த மரமேடையைப் போட்டு பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஓரத்துப் பலகைகளெல்லாம் போட்டபடியே ஒட்டிக் கிடக்க, நடுவில் இருந்த இரண்டு மட்டும் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போயின. அந்த இருட்டுக் கோட்டிலிருந்து, ஆடி வெயிலில் வெடித்துக் கிடந்த தோட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத ஈரமண் வாசனையும், அதற்குள் மங்கலாக, நாள்பட்ட படுக்கையின் மூத்திர நெடியும் மேலே வந்தன.

ஆள் அனுப்பியதும் பெருமாள் ஆசாரி வந்து பார்த்தான்.

"பச்சை மரம், விடத்தான் விடும். ரெண்டு மாசம் காயட்டும்னு சொன்னேனா இல்லியா? நீங்கதான் கிருத்திகைக்குள்ள வேணும்னு குதிச்சீங்க."

"ஓரத்துல விடலியே. நடுவுல மட்டுந்தானே விடுது?"

பெருமாள் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "ஆங்... கீழருந்து யாரோ நெம்புன மாதிரி கீது. பெருச்சாளியா இருக்கும். பலகையக் கழட்டிப் பாத்துடலாமா?"

"வேணாம்."

"அரை மணி வேலைங்க."

"வேணாம்னு சொல்றேன் இல்ல."

பெருமாள் உளியைப் பைக்குள் போட்டான். "அன்னிக்கு கால் நட ஓரடி பள்ளம் எடுக்கவும் வுடல, கல்லு மேல தூக்கி வைன்னீங்க. இன்னிக்குப் பிரிக்காதேன்றீங்க. உங்க தோட்டத்துல புதையல் கிதையல் கீதா?"

அவன் சிரித்தான். கோதண்டபாணியும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கன்னத்தின் சூடு இறங்கவில்லை.

பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து லுங்கி வாங்கி விற்கும் அவருக்குத் திருத்தணியில் நல்ல பெயர். அந்தப் பெயருக்குத்தான், மாசி மாதம் பள்ளிப்பட்டிலிருந்து மகள் அம்சாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது அவருடைய அப்பா வீராசாமி பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, கோணிய வாயில் எச்சில் ஒழுக, கூடத்தில் கிடந்தார். அன்று காலை அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மாமரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் படுக்கவைத்தார் கோதண்டபாணி.

"ஒரு மணி நேரம் நைனா. சத்தம் போடாத."

மாப்பிள்ளையின் தாய் சுலோச்சனா, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லீங்களா?" அந்த வாயும் அந்த நாற்றமும் இவர்கள் முன்னால் வந்து நிற்குமே என்ற கூச்சத்தில் கோதண்டபாணியின் நாக்கு முந்திக்கொண்டது. "நைனா போன ஐப்பசியிலயே தவறிட்டாருங்க."

கொட்டகை பத்தடி தூரம். சன்னல் திறந்திருந்தது.

அவர்கள் போனபின் வந்து பார்த்தபோது, கிழவர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, கால்களை நேராக நீட்டிப் படுத்திருந்தார். கூப்பிட்டதற்குப் பதிலில்லை. மூச்சும் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டால் தெருவுக்குத் தெரியும். ஐப்பசியில் செத்தவர் மாசியில் எப்படி மறுபடி சாவார்? பொய் வெளிப்பட்டால் இந்தச் சம்பந்தம் போய்விடும். அம்சாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவில் மனைவி காஞ்சனா விளக்குப் பிடிக்க, அந்த மாமரத்தடியிலேயே அவரே குழி வெட்டினார். நகரியில் அத்தை வீட்டுக்குத் தாத்தாவை அனுப்பியாயிற்று, புகுந்த வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்காதே என்று மகளிடம் சொன்னார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. கிருத்திகைக்குச் சம்பந்தி வருவதற்குள் அந்த மண்ணை மறைக்கத்தான் மேடை.

தூக்கும்போது உடம்பு சூடாக இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கொட்டகையின் சூடு என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். இன்றும் அதையேதான் சொல்லிக்கொள்கிறார்.

ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த அம்சாவைப் பார்க்கவும், கிருத்திகைக்கு மலையேறவும் சுலோச்சனா மகனோடு வந்தார். அன்று காலை இடைவெளி இரண்டு விரல் அகலமாகியிருந்தது. கோதண்டபாணி அதன் மேல் ஜமக்காளத்தை விரித்தார். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்ததும், "கூடத்துல உக்காரலாமே," என்றாள் காஞ்சனா.

"உள்ள புழுங்குது. புதுசா மேடை போட்டிருக்கீங்க, காத்தாட இங்கயே இருக்கலாம்," என்றார் சுலோச்சனா.

மலையிலிருந்து அரோகரா சத்தம் காற்றில் அலையலையாக வந்து, மாவிலைகளில் பட்டுச் சிதறி, அடங்கியது. அது அடங்கும் ஒவ்வொரு முறையும் பலகைக்கடியில் ஏதோ உரசியது. ஒரு பக்கமாக இழுத்து இழுத்து. நின்று. மறுபடி.

"எலிங்க," என்றார் கோதண்டபாணி, யாரும் கேட்காமலே.

சுலோச்சனா திடீரென்று மகன் தோளைத் தட்டினார். "நகுந்து உக்காருடா. பெரியவரு உக்காரட்டும்."

மாப்பிள்ளை நகர்ந்தார். ஜமக்காளம் சுருண்டு விலகியது. காலியான இடத்தில் பலகை தாழ்ந்தது. கனம் இருக்கும்போது தாழ்வதுபோல. மூத்திர நெடி வந்தது. ஈரமண் வந்தது. பிறகு முதுகு தெரிந்தது. கோணிய வாய் தெரிந்தது.

"யாருங்க இவரு? வாயெல்லாம் மண்ணா இருக்குதே, பாவம்."

இரண்டே வார்த்தை போதும். என் நைனா. தொண்டைவரை வந்தது. எல்லோரும் கோதண்டபாணியையே பார்த்தார்கள். அதே கூச்சம். காது மடலெல்லாம் எரிந்தது.

"தோட்டத்து ஆளுங்க. கூலிக்கு வச்சிருக்கேன்."

கிழவர் மகனைப் பார்த்தார். கோபம் இல்லை. சரிப்பா என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். இறங்கினார். மண்டியிட்டார். தரைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த ஓரடிச் சந்தில் தலையை நுழைத்து, செத்த காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னாங்க, அடியில பூந்துட்டாரு?"

"அங்கதாங்க படுப்பான்."

ஆணிகள் கிறீச்சிட்டன.

நடுவிலிருந்த இரண்டு பலகைகளும் அசைந்தன. ஒன்றையொன்று நெருங்கின. கீழிருந்து யாரோ இழுத்து மூடுகிறார்கள். இரண்டு விரல். ஒரு விரல். நூல். மூடியது. எந்த ஆசாரியும் அப்படிப் பொருத்த முடியாது.

பொருத்தின் மேல், வரிசையாக, பத்து விரல் நுனிகள் நசுங்கி நின்றன. நகங்களில் மண். அவற்றில் ஒன்று இன்னும் மெல்ல மடங்கி, நிமிர்ந்து, மடங்கியது.

காபித் தட்டோடு அம்சா வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கினாள்.

கோதண்டபாணி அவசரமாக ஜமக்காளத்தை இழுத்து மூடினார். அது பத்து இடத்தில் புடைத்து நின்றது. அவர் சிரித்தார்.

"இப்படி என் பக்கத்துல வந்து உக்காரும்மா," என்று சுலோச்சனா அந்த இடத்தைத் தட்டினார். அம்சா தட்டை வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உட்காரக் குனிந்தாள்.